பதினோரு வட்டங்கள்

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைகளில் இருபத்து மூன்று பேர். ஆண்கள் பன்னிரண்டு, பெண்கள் பதினொன்று. தாத்தாவும் அவருடைய உடன்பிறந்தவர்களும், அவர்கள் பிள்ளைகள், பிறகு நாங்கள். கல்யாணம் ஆகி வந்தவர்களைச் சேர்க்கவில்லை. இது இரத்தத்தைப் பற்றிய கணக்கு. நான்கு முறை சரிபார்த்துவிட்டேன். எழுத உட்கார்ந்த இன்று காலையிலும் ஒருமுறை பார்த்தேன்.

எண்ணுவது எனக்குப் பழக்கம். பட்டணத்தில் ஒரு அலுவலகத்தின் புள்ளிவிவரப் பிரிவில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தேன். அதற்கு முன்பும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். பிரசங்கத்தின்போது சர்ச் கூரையில் உள்ள உத்தரங்களை எண்ணுவேன். என் அண்ணன் என்னைக் கணக்குப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவான்.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவன். பள்ளியில் அறிவியல் வாத்தியார். அறுபதுகளின் நடுவில் ஒரு பிப்ரவரி மாதம் அவன் தூங்குவதை நிறுத்தினான். முதலில் நாங்கள் சந்தோஷப்பட்டோம். அவ்வளவு வேலை செய்தான். விடிவதற்குள் கிணற்றடியைக் கழுவி, முற்றத்தில் மண் கொத்தி, எனக்குத் தெரியாத ஏதோ ராகத்தில் பாடிக்கொண்டு இட்லிக்கு மாவும் அரைத்து வைத்திருப்பான். ஒன்பதாம் நாள், யாரிடமும் அனுமதி கேட்காமல், தன் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேரைத் தாம்பரத்திலிருந்து ரயிலேற்றிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். "கடலைப் பார்க்காதவன் எப்படிடா நீராவியைப் புரிஞ்சுக்குவான்?" என்று கேட்டான். நாற்பத்திரண்டு பேரையும் ஒருவர் குறையாமல் திரும்பக் கொண்டுவந்தும் விட்டான். வரும் வழியில் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி டிக்கெட் பரிசோதகருக்குப் பரிசாகக் கொடுத்தானாம்.

பெற்றோர் பள்ளிக்கூட வாசலில் கூடினார்கள். ஏப்ரலில் அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்தான். மூன்று மாதம் எழுந்திருக்கவில்லை. தெருவில் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று பேச ஆரம்பித்த பிறகுதான் நாங்கள் அவனை மனநல மருத்துவரிடம் கொண்டுபோனோம். அதற்குப் பிறகு அவனுக்கு அது நான்கு முறை வந்துபோனது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு புதிய மாத்திரை வந்தது. ஒருவகை உப்பு என்றார்கள். மாதம் ஒருமுறை இரத்தம் எடுத்து அளவு பார்க்க வேண்டும். அதிலிருந்து அவன் மெல்ல நிலைக்கு வந்தான்.

அந்த வருடந்தான் என் மனைவி முதல்முறையாகக் கருவுற்றிருந்தாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

பயம் வந்தால் எனக்குத் தெரிந்த ஒரே வேலை எண்ணுவது. ஊருக்குக் கடிதம் எழுதி, உறவினர்களைப் போய்ப் பார்த்து, எங்கள் வம்சத்தில் இந்த வியாதி யாருக்கெல்லாம் வந்தது என்று விசாரித்தேன். தாத்தா, சித்தப்பா, பெரியப்பாவின் மகன், அண்ணன். நான்கு பேர். நான்கு பேரும் ஆண்கள். பெண்களில் ஒருவர்கூட இல்லை. ஒரு நாணயத்தை நான்கு தடவை சுண்டி நான்கு தடவையும் தலையே விழுந்தது போல. அப்படித் தற்செயலாக விழப் பதினாறில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. இது ஆண்களைப் பிடிக்கும் வியாதி என்று முடிவு செய்தேன். எனக்கு மகள் பிறந்தால் அவள் தப்பித்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஜெபத்திலும் பெண் குழந்தை வேண்டும் என்று சத்தமாகவே கேட்டேன். என் மனைவிக்குச் சிரிப்பு.

"ஊர்ல எல்லாரும் ஆம்பளப் புள்ள வேணும்னு முழங்கால் தேயத் தேய நிக்கிறாங்க. நீங்க என்னங்க, பாவாடை துணிகூட எடுத்து வச்சிருவீங்க போல இருக்கே?"

காரணத்தை நான் அவளிடம் சொல்லவில்லை.

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அண்ணனை இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவனுக்கு வைத்தியம் பார்த்தவர் ஒரு பெண் மருத்துவர். நரைக்கத் தொடங்கிய தலை, குறைவான பேச்சு. நான் பையிலிருந்து என் படத்தை எடுத்து அவர் மேஜைமேல் விரித்தேன். வரைபடத் தாளில் பென்சிலால் போட்டது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்தவர்களைக் கறுப்பாக நிரப்பியிருந்தேன்.

"டாக்டர், இவனுக்கு இருக்கிற எண்ணுற வியாதிக்கு ஏதாவது மாத்திரை உண்டா?" என்றான் அண்ணன்.

அவர் சிரிக்கவில்லை. படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"வெளிநாட்டுல சிலர் இது தாய் வழியா மட்டும் வருது, தகப்பன்கிட்டேருந்து மகனுக்கு வராதுன்னு சொல்றாங்க. வேற சிலர் அது சரியில்லைங்கிறாங்க. உங்க படத்துலயே தாத்தாகிட்டேருந்து சித்தப்பாவுக்கு நேரா வந்திருக்கு. அதை விடுங்க. இந்தப் பதினோரு வட்டமும் ஏன் வெள்ளையா இருக்கு?"

"யாருக்கும் வரல டாக்டர்."

"எப்படி விசாரிச்சீங்க?"

"புத்தி பேதலிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனவங்க யாருன்னு கேட்டேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஆம்பளைக்கு வந்தா தெருவுக்கு வந்துடும் சார். வேலைக்குப் போகலைன்னா நாலு பேர் கேப்பாங்க. அதனால ஆஸ்பத்திரிக்கு வருவாங்க. உங்க குடும்பத்துல ஒரு பொம்பளை மூணு மாசம் படுத்துக் கெடந்தா, ஆஸ்பத்திரிக்கா கூட்டிட்டு வந்திருப்பீங்க? நான் பார்த்த வரைக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே அளவுலதான் வருது. வர்ற விதந்தான் பல சமயம் வேற. பெண்களுக்குப் படுக்கப் போடுற பக்கம் அதிகம். அது வீட்டுக்குள்ளயே முடிஞ்சிடும். நீங்க கேள்வியை மாத்திக் கேளுங்க. நாள் கணக்குல தூங்காம இருந்தது யாரு? வாரக் கணக்குல எழுந்திருக்காம இருந்தது யாரு?"

எனக்குப் பக்கத்தில் அண்ணன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அத்தை" என்றான்.

அத்தை எங்கள் அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அப்பா காலமான பிறகு கிழக்குத் தாம்பரம் தாண்டி மாடம்பாக்கம் போகும் சாலையில் இரண்டு அறை ஓட்டு வீட்டில் தனியாக இருந்தாள். சபையில் அவளை ஜெபத்தாய் என்பார்கள். வருடத்தில் சில நாட்கள் அவள்மேல் ஆவியானவர் இறங்குவார் என்று எல்லோரும் நம்பினோம். அந்த நாட்களில் விடியுமுன் எழுந்து பாடுவாள். ஒரே வாரத்தில் நாற்பது வீடுகளுக்கு ஜெபிக்கப் போவாள். ஒருமுறை தன் தையல் மிஷினை வழியில் பார்த்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். அண்ணன் கடிகாரத்தைக் கொடுத்தபோது பைத்தியம் என்றோம். அத்தை மிஷினைக் கொடுத்தபோது சபையில் சாட்சி சொன்னார்கள்.

அப்புறம் சில வாரங்கள் அத்தை கதவைச் சாத்திக்கொள்வாள். உபவாச ஜெபம். எங்கள் சபையில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. உபவாசத்தில் இருக்கிறவர்களின் கதவை யாரும் தட்டக்கூடாது. ஒரு செம்பு தண்ணீரோ பாலோ வாசலில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

"அத்தை உபவாசத்துல இருக்காங்க" என்றேன் மருத்துவரிடம். "அவங்க பெரிய பக்திமான்."

"எத்தனை நாளா?"

நான் வாயைத் திறந்தேன். எண் வரவில்லை. அந்த மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் அத்தையைப் பார்க்கப் போனேன். இரண்டு தடவையும் சாத்திய கதவைப் பார்த்துவிட்டு, பெருமையாகக்கூட, திரும்பி வந்தேன். ரயில் பெட்டியை எண்ணுகிறவன், உத்தரத்தை எண்ணுகிறவன், அத்தை சாப்பிடாத நாளை எண்ணவில்லை.

"இன்னைக்கே போய்ப் பாருங்க" என்றார் மருத்துவர். "கதவைத் தட்டுங்க."

இரத்தம்கூடக் கொடுக்காமல் இருவரும் கிளம்பிவிட்டோம். ரயிலில் வழக்கமாக ஸ்டேஷன்களை எண்ணிக்கொண்டு வருவேன். அன்று பல்லாவரம் போனதே தெரியவில்லை. தாம்பரத்தில் இறங்கி சைக்கிள் ரிக்ஷா பிடித்தோம். நல்ல வெயில். சேலையூர் தாண்டும்போது அண்ணன், "மூணு மாசம் நான் படுத்திருந்தப்ப அத்தை என்னைப் பார்க்க வரவே இல்லை, உனக்கு ஞாபகம் இருக்கா? அப்ப எனக்குக் கோபம். இப்பத்தான் தோணுது, அவ பயந்திருக்கா" என்றான்.

வீட்டு வாசலில் பால்காரம்மா கையில் செம்போடு நின்றாள்.

"இன்னா சார் நீங்க, இப்பத்தான் வர்றீங்க? டீச்சரம்மா வூட்டுல வெச்ச பாலு நாலு நாளா அப்புடியே கீது. பூனைதான் குடிச்சினு போவுது. தட்டலாம்னு பாத்தா, உங்க சர்ச்சுக்காரம்மா ஒருத்தவங்க வந்து, சாமி கும்புட்டுகினு கீறாங்க, தட்டாதேன்னு கத்திட்டுப் போறாங்க. பேஜாரா பூட்சு எனக்கு."

வாசல் படியில் ஏழு செம்புகள் இருந்தன. ஐந்து காய்ந்து கிடந்தன.

நான் தட்டினேன். பதில் இல்லை. அண்ணன் தோளால் ஓர் இடி இடித்தான். பழைய தாழ்ப்பாள், கழன்று விழுந்தது.

அத்தை உள்ளறையில் தரையில் பாய்மேல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முழங்காலில் இல்லை. கையில் வேதப்புத்தகம் இல்லை. பின்னலின் நுனி சிக்குப்பிடித்து ஒரு கட்டையாகியிருந்தது. தோள் எலும்பு சேலைக்கு மேல் தெரிந்தது. நான் "அத்தை, அத்தை" என்று நாலைந்து தடவை கூப்பிட்டேன். அவள் அசையவில்லை. மூச்சு மட்டும் இருந்தது.

அண்ணன் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னான். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அவளுக்குப் பக்கத்தில், வெறுந்தரையில், அவளைப் போலவே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். வெளியே பால்காரம்மா பூனையைத் திட்டும் சத்தம் கேட்டது.

பிறகு அண்ணன் கேட்டான். "அத்தை, எங்க வீட்டுச் சுவர்ல எனக்கு ஏழு விரிசல் தெரிஞ்சுது. உனக்கு இதுல எத்தனை?"

பதிலே வராது என்று நினைத்தேன்.

"அஞ்சு" என்றாள் அத்தை.

"அந்த மூலையில இருக்கிறதைச் சேத்தா?"

"ஏல, அது விரிசல் இல்ல. ஒட்டடை."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதான். அத்தையின் முதுகு குலுங்கியது.

"ஏல, நான் ஜெபம் பண்ணல" என்றாள், எங்கள் பக்கம் திரும்பாமலே. குரல் காய்ந்து போயிருந்தது. "ஒரு வார்த்தை வரமாட்டேங்கி. கர்த்தாவேன்னு சொல்லக்கூட வாய் எழும்ப மாட்டேங்கி. வெளிய அவங்கல்லாம் எனக்காகச் சத்தம் போடாம நடக்காங்க. நான் இங்க சும்மா கெடக்கேன். எப்படிச் சொல்லுவேன்?"

நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அரிசி கழுவிக் கஞ்சி வைத்தேன். அண்ணன் அவளைத் தூக்கி உட்காரவைத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு ஸ்பூனால் கொடுத்தான். பதினோரு ஸ்பூன் குடித்தாள். அதை எண்ணிவிட்டேன்.

அலமாரியில் அவளுடைய ஜெப நோட்டு இருந்தது. தேதி போட்டு, எத்தனை மணிக்கு எழுந்தாள், யாருக்காக ஜெபித்தாள் என்று எழுதுவாள். கடைசியாக எழுதிய பக்கத்திலிருந்து அன்றைக்கு இருபத்து மூன்றாம் நாள். அவள் நாளுக்கொரு பக்கம் விட்டு எழுதுகிறவள். எழுதாத நாளுக்கும் பக்கம் காலியாகவே இருக்கும். பழைய நோட்டுகளையும் அவள் அனுமதியோடு பின்னால் பார்த்தேன். சில வாரங்களில் பக்கம் போதாமல் ஓரத்திலும் அட்டையிலும் எழுதியிருந்தாள். அதன் பிறகு வெற்றுப் பக்கங்கள். நாற்பத்தொன்று. அறுபத்து மூன்று. முப்பது. பள்ளி நாட்களில் வந்தபோது வயிற்றுவலி என்று லீவு எழுதிக் கொடுத்திருக்கிறாள். பதினேழு வருட நோட்டுகள் எங்கள் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் அந்த அலமாரியில் இருந்தன.

மறுநாள் டாக்சி வைத்து மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். மூன்று வாரம் அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று மருத்துவர் சொன்ன அன்று, மருத்துவமனை வராந்தாவில் அவரை நிறுத்தினேன். இன்னும் எத்தனை நாள் தாங்கியிருப்பாள் என்று நான் கேட்டேன். "அந்தக் கணக்கு வேண்டாம் சார்" என்றார் அவர்.

கொஞ்சம் தெளிந்த பிறகு அத்தை மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டாள். அவளுக்கு வியாதியைவிட அதுதான் பெரிய பயமாக இருந்தது.

"அப்போ என் ஜெபமெல்லாம் வியாதிதானாம்மா? நான் பாடினது, வீடு வீடாப் போனது, எல்லாம்?"

மருத்துவர் யோசித்தார். "எது ஜெபம்னு எனக்குச் சொல்லத் தெரியாதும்மா. எட்டு நாள் தூங்காம இருந்தது வியாதி. அது எனக்குத் தெரியும்."

அத்தைக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அண்ணன் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான்.

"அத்தை, நான் நாற்பத்திரண்டு பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனேன்ல? எனக்குப் புத்தி சரியில்லாமதான் போனேன். ஆனா கடல் அங்கதான் இருந்துது. பிள்ளைங்க பார்த்துட்டுத்தான் வந்துதுங்க."

அத்தை அவன் தலையில் மெதுவாக ஒரு குட்டு வைத்தாள். "அனுமதி கேட்டுட்டுப் போயிருக்கணும்ல" என்றாள், வாத்தியார் குரலில்.

நான் மறுபடியும் விசாரித்தேன், மருத்துவர் சொன்ன கேள்வியை வைத்து. இந்த முறை உறவினர்கள் நிறுத்தாமல் பேசினார்கள். தாத்தாவின் தங்கை ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் பிள்ளையைத் தொடாமல் மாதக்கணக்கில் படுத்திருந்தாளாம். பிரசவ சன்னி என்றார்கள். பெரியப்பாவின் மூத்த மகள் ஒரு மழைக்காலம் முழுக்கத் தூங்காமல் ஒரு பெட்டி நிறையச் சட்டை தைத்தாளாம், சுறுசுறுப்பு என்றார்கள். அத்தையோடு சேர்த்து மூன்று. இன்னொருத்தியைப் பற்றிச் சொன்னவர்கள் இருவிதமாகச் சொன்னதால் அவள் வட்டத்தைப் பாதி மட்டும் நிரப்பினேன். ஆண்கள் நான்கு. பெண்கள் மூன்றரை. என் நாணயம் கையைவிட்டு உருண்டு போயிற்று.

அன்று மாலைதான் மனைவியிடம் படத்தைக் காட்டினேன். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். முறத்தில் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"இதுக்குத்தான் பொண்ணு பொண்ணுன்னு வேண்டிக்கிட்டீங்களா?"

"ஆமாம்."

"இத்தனை நாளா ஒத்தையா இதைத் தூக்கிட்டுத் திரிஞ்சீங்களா?" கோபமாக ஒரு கீரைத் தண்டை முறித்தாள். "எதுவா பொறந்தாலும் சாப்பிடுதா தூங்குதான்னு பாத்துக்குவோம். கதவைச் சாத்தினா தட்டுவோம். வேற என்னங்க செய்ய முடியும்?"

பெண்தான் பிறந்தாள். இரண்டு கிலோ எண்ணூறு கிராம். தொட்டிலைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது. பின்னாலேயே பயமும் வந்தது.

அத்தை குழந்தையைப் பார்க்க வந்தாள். மாத்திரையால் கை சற்று நடுங்கியது. ஆனால் கன்னம் பழையபடி நிறைந்திருந்தது. வருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சபையில் பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று, "நான் இனிமேல் உபவாசம்னு சொன்னா, மூணாம் நாள் எல்லாரும் வந்து கதவைத் தட்டணும். திறக்கலைன்னா உடைக்கணும்" என்று சொன்னாளாம். வேறு விளக்கம் சொல்லவில்லையாம்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "உன் படத்தைக் கொண்டு வால" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன்தான் சொல்லியிருக்கிறான்.

தாளை விரித்தேன். அவள் விரலை வைத்துத் தேடினாள். "இதுல நான் எது?"

அவளுடைய வட்டம் வெள்ளையாகவே இருந்தது. மூன்று பெண்களில் ஒருத்தியாகக் கணக்கில் சேர்த்தேனே தவிர, அவளைக் கேட்காமல் அவள் வட்டத்தைக் கறுப்பாக்க எனக்குக் கை வரவில்லை. அதைச் சொன்னேன். அத்தை குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பென்சிலை வாங்கினாள். நடுங்கும் கையை மறு கையால் பிடித்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே ஒரு இழை போகாமல், ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி மெதுவாக நிரப்பினாள். முடிக்க நாலு நிமிடம் ஆயிற்று.

பிறகு, கீழே நான் புதிதாக வரைந்திருந்த பன்னிரண்டாவது வட்டத்தைப் பார்த்தாள். "இவளா?"

"ஆமாம் அத்தை."

"இதுல நீ கை வைக்காத. இது அவளுக்குள்ளது." பென்சிலை என்னிடம் திருப்பித் தரவில்லை, தன் பையில் போட்டுக்கொண்டாள்.

அத்தை அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் இருந்தாள். இரண்டு முறை மறுபடியும் படுத்தாள். இரண்டு முறையும் மூன்றாம் நாளே கதவு தட்டப்பட்டது. முதல் தடவை தட்டியது பால்காரம்மா. அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டான். அதற்கு முன், ஓய்வுபெற்ற அன்று தன் கடைசி வகுப்பை முறைப்படி அனுமதி வாங்கிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

என் மகளுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. அவளுடைய வட்டத்தைப் பற்றி நான் இங்கே எழுதமாட்டேன். படம் என்னிடம் இருக்கிறது. பன்னிரண்டாவது வட்டத்தில் நான் கை வைக்கவில்லை. ஆனால் தினமும் காலை ஏழு மணிக்கு அவளுக்குப் போன் செய்கிறேன். போன் மணி மூன்று தடவை ஒலிப்பதற்குள் எடுக்காவிட்டால் எனக்கு வியர்க்கும். அவளுக்கு அது தெரியும். எடுத்ததும், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவாள்.

"ஆறரை மணி நேரம் தூக்கம்பா. ரெண்டு இட்லி."